அண்ணை வீட்டில் ஆறு இரவு

"அண்ணை வீடு இருக்க நாங்கள் அறை எடுத்துத் தங்கிறதோ? சனம் காறித் துப்பும்" என்று என் மனுசன் சுபாஸ்கரன் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்டன் பார்க்கில் வாங்கிய அறக்குளா. அந்த நேரம் கையில் கத்தி இருந்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரமாக லண்டனில் எங்கள் குட்மேய்ஸ் வீட்டில் இதே சண்டைதான். ஆகஸ்டில் சுவிஸ் போகிறோம், நானும் அவரும் மகள் ஜெனோஜாவும், ஆறு இரவு. ஆறு இரவும் பேர்ண் நகரத்தில் தமையன் வீட்டில் படுத்து, காலையில் ரயிலேறி மலைக்குப் போய், பொழுதுபடத் திரும்பி வருவது அவருடைய திட்டம். எனக்கு வேண்டியது மலையில் இரண்டு இரவு. மற்ற நாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டில் கழிக்கிறேன் என்றுகூட இறங்கி வந்துவிட்டேன். மேலே ஒரு சின்ன விடுதியில் ஜெனோஜா அறை பார்த்து வைத்திருந்தாள். அன்று பின்னேரம் ஆறு மணிக்குள் ஓம் என்று அறிவிக்காவிட்டால் அறை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

"ஒண்டரை மணித்தியால ஓட்டம். காலமை போனால் பின்னேரம் வரலாம். மலை இரவில என்ன எழும்பி ஆடுமோ?" என்றார்.

"ஆடாது. ஆனால் உங்கட அண்ணியின்ர போன் ஆடும்" என்றேன்.

அது பகிடி இல்லை. அந்த வீட்டிலிருந்து ஒருநாள் பயணம் போவதென்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் புட்டும் சம்பலும் கட்டித் தந்து வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அவருடைய அண்ணி சுவர்ணாக்கா மூன்று மணிக்கு முதலாவது போன் எடுப்பா. எங்க நிக்கிறியள், இடியப்பம் அவிக்கட்டோ? நாலு மணிக்கு இரண்டாவது. அத்தான் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஆறு வருசத்துக்கு முன் போனபோது ஏரியில் படகுக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றோம். வீட்டில் ஒடியல் கூழ் கொதிக்குது, ஆறினால் நல்லாயிராது என்று போன் வந்தது. என் மனுசன் வரிசையை விட்டு விலகி நடந்தார், பின்னால் நாங்கள். ஜெனோஜா அப்போது பதினொரு வயதுப் பிள்ளை, பேர்ண் வரும்வரை ரயிலில் அழுதாள். கூழ் கொதிக்கக் கொதிக்கத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஏலாது. அதுவும் போக, அந்த மலைகளைக் காலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் முகில் வந்து மூடிவிடும். ஆறு மணிக்குப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே படுத்தெழும்ப வேண்டும். இதைச் சொன்னால், "யூரியூப்பில பாரும்" என்கிறார்.

எனக்கு அந்த மலைகளைத் தெரியும். கலியாணம் முடித்து நான் இறங்கியது லண்டனில் இல்லை, பேர்ணில், அந்த வீட்டில்தான். இவருடைய தமையன், நான் அத்தான் என்கிற கிருஷ்ணராசாவின் வீடு. அங்கே இரண்டு படுக்கை அறை, ஒரு ஹோல். அறைகள் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். புதுப் பெண்சாதிக்கும் மாப்பிள்ளைக்கும் ஹோல். இவருடைய விசாவுக்குத் தனி வீடு எடுக்க ஏலாது என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். மூன்று வருசம் ஹோலில் சோபாவை இழுத்துப் படுத்தோம். வந்த ஆட்கள் எழும்பிப் போனால்தான் எங்களுக்கு நித்திரை. காலையில் அத்தான் வேலைக்குப் போக ஹோலுக்குள்ளால் வருவார், அதற்கு முன் நான் எழும்பி, தலை சீவி, படுக்கை மடித்து, ஒரு மனுசரும் அங்கே படுக்காதது மாதிரி ஆக்கிவிட வேண்டும். கூச்சத்தில் நான் செத்த சாவு எனக்குத்தான் தெரியும். உடுப்புக் காயப்போட பல்கனிக்குப் போனால், மழை விட்ட நாட்களில், தூரத்தில் அந்தப் பனிமலைகள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் காரில் அங்கே போவார்கள். காரில் இடம் காணாது, அவர்களுடைய சின்னவனைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஆகவே நான் வீட்டில். மூன்று வருசத்தில் ஒருதரம்கூட நான் போகவில்லை. இவர் மட்டும் ஒருநாள் திரும்பி வந்து, சோபாவில் படுத்துக்கொண்டு, ஒருவருக்கும் கேட்காமல் என் காதுக்குள் சொன்னார், உம்மை ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய் மேல ஒரு இரவு நிப்பாட்டுவன் எண்டு. பிறகு லண்டன் வந்தோம், பிள்ளை பிறந்தாள், வேலை, வீடு, எல்லாம் வந்தது. இருபத்தொரு வருசமாகிவிட்டது.

மீனைக் கழுவி உப்புப் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பின் தோட்டத்துக்குப் போனேன். போதும் இந்தக் கோதாரி, சுவர்ணாக்காவிடம் நானே நேரே சொல்லிவிடுகிறேன் என்று போன் எடுத்தேன். என்னென்ன சொல்லுவா, அதற்கு என்னென்ன திருப்பிச் சொல்லலாம் என்று ஒரு பெரிய சண்டைக்கே ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

"சுவர்ணாக்கா, நான் பிரசாந்தினி."

"ஓம், சொல்லும்." சுகம் விசாரிக்கவில்லை.

"ஆகஸ்ட் வாறம்தானே. அதில ரண்டு இரவு மலையில நிண்டிட்டு வரப் பாக்கிறம். கோவிக்கக் கூடாது."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயின் இரைச்சல் நின்றது.

"ரண்டு மட்டுமோ? மிச்ச நாலும்?"

"உங்களட்டைத்தான்."

"பிரசா, நான் மறைக்காமல் கதைக்கிறன். மே மாசமே உம்மட மனுசனுக்குச் சொல்லிட்டன். மருமகள் எங்களோடதான் இருக்கிறா, கைக்குழந்தை, ரண்டு அறையும் நிரம்பிப் போச்சு, வெளியில ஒரு இடம் பாருங்கோ எண்டு. அவர் கேட்டாத்தானே? எங்களுக்கு ஹோல் காணும் அண்ணி, பிரசாவுக்கு அது பழகின இடம் எண்டார். நீர்தான் பழைய இடத்தில நிக்க ஆசைப்படுறீராம் எண்டும் சொன்னவர். நான் என்ன செய்ய, அடிச்சுக் கலைக்கேலுமோ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "அதுகள் ஹோலில கிடந்தால் நான் இரவில பிள்ளைக்குப் பால் கரைக்க எப்பிடிப் போறது எண்டு மருமகள் கேக்கிறா. நியாயம்தானே?" என்றா சுவர்ணாக்கா. நியாயம்தான் என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்க அந்த மருமகளுக்கு வாய் இருந்திருக்கிறது. எனக்கு மூன்று வருசம் இருக்கவில்லை. சுவர்ணாக்காவில் கோபப்படலாமென்று பார்த்தேன், வரவில்லை. கோபம் முழுக்க வீட்டுக்குள் இருந்தது.

உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. முன் அறையில் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, இரண்டு பேர் படுக்கிற ரப்பர் மெத்தை ஒன்றுக்கு அவர் மோட்டரால் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஜெனோஜா படிக்கட்டில் போனோடு குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மோட்டரை நிறுத்தி அதில் ஏறிப் படுத்தார், ஒரு பக்கத்தில், மற்றப் பக்கத்தை எனக்கு விட்டு.

"இஞ்சாரும், ஒருக்காப் படுத்துப் பாரும். இல்ஃபேர்ட்டில வாங்கினனான். சோபாக் கம்பி முதுகில குத்தினது எண்டு எத்தினை தரம் சொன்னனீர்? இனிக் குத்தாது."

முகத்தில் அப்படியொரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைக் கண்டதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. கம்பி நினைவிருக்கிறது. கம்பி மட்டும்தான் நினைவிருக்கிறது.

"அண்ணி வர வேண்டாம் எண்டவவோ?" என்றேன்.

சிரிப்புப் போய்விட்டது. எழும்பவில்லை, முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அண்ணி சொன்னவ. அண்ணை சொல்லேல்லை."

"அண்ணையைக் கேட்டனீங்களோ?"

"எங்கட அண்ணை வீட்டுக்குக் கேட்டுக்கொண்டோ போறது? விசர்க் கதை கதையாதையும்."

"கேட்டால் என்ன சொல்லுவார் எண்டு தெரியும் உங்களுக்கு. அந்தப் பயத்திலதான் கேக்கேல்லை."

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஐயா அம்மா போயிட்டினம். இருக்கிறது அண்ணை ஒருத்தர்தான்" என்றார் மெல்ல. "அங்க போய் அறை எடுத்தன் எண்டால், பிறகு எனக்கு ஆர் இருக்கினம் எண்டு சொல்லுறது?"

நான் இருக்கிறேன் என்று ஒரு நல்ல மனுசி அந்த இடத்தில் சொல்லியிருப்பாள். எனக்கு நல்ல மனுசியாக இருந்து அலுத்துப் போயிற்று. அவருடைய கவலை உண்மை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கவலைக்கு ஒவ்வொரு முறையும் என்னுடைய முதுகைத்தான் விரித்துப் போடுகிறார்.

"மலையில ஒரு இரவு நிப்பாட்டுவன் எண்டு எனக்குச் சொன்னனீங்கள்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

மணி ஐந்தேமுக்கால். நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். "ஜெனோஜா, அந்த அறைக்கு ஓம் எண்டு அடி. ரண்டு பேர். மிச்ச நாலு இரவுக்கும் எங்களுக்கு எங்கயாவது ஒரு இடம் பார்."

"ரண்டு பேரா? அம்மா, அப்பா?"

"அப்பா தமையன் வீட்டு ஹோலில படுப்பார். அவருக்கு அது பழகின இடம்."

ஜெனோஜா தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து போனில் விரலை ஓட்டினாள். மெத்தையின் அடைப்பான் என் காலடியில்தான் இருந்தது. குனிந்து இழுத்தேன். காற்று சீறிக்கொண்டு வந்து என் பாதத்தில் பட்டது.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார். ஆனால் எழும்பவில்லை. எழும்பியிருக்கலாம், கையை நீட்டி அடைத்திருக்கலாம், எட்டாத தூரமில்லை. நெஞ்சில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். முதலில் இடுப்புத் தரையில் பட்டது, பிறகு தோள், பிறகு தலை. எனக்கென்று விட்ட பக்கத்தில் இன்னும் கொஞ்சம் காற்று இருந்தது.