அப்பா ரிவர்ஸ் எடுத்த நாள்

கால்வாய்க் கரை நடைபாதையில் அப்பாவும் மகளும் எப்போதும் ஒரே திசையில்தான் நடப்பார்கள். இந்தக் கரையோடு போய், கோடியில் இருக்கும் இரும்புப் பாலத்தைத் தாண்டி, அந்தக் கரை வழியாக வீடு திரும்புவார்கள். போன வழியே திரும்பி வருவது அப்பாவுக்கு ஆகாது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பயணிகளை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க நேர்ந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மகளுக்கு 'கண்டக்டர்' என்ற பட்டம் கிடைத்ததும் இந்தப் பாதையில்தான். நான்கு வயதில் ஒவ்வொரு பெஞ்சையும் ஒரு நிறுத்தமாக்கியவள் அவள். உதிர்ந்த இலைகள்தான் டிக்கெட். கண்ணுக்குத் தெரியாத பயணிகள் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை அவர் அசையக் கூடாது. ஒருமுறை வெயிலில் நின்று நின்று அலுத்துப்போய் ஓரடி எடுத்து வைத்தபோது, "ஒருத்தர் செருப்பைத் தேடிட்டு இருக்காரு, இருங்க" என்று அதட்டினாள். அவரும் அந்த மனிதருக்குச் செருப்பு கிடைக்கும்வரை நின்றார்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஞாயிறு நடைக்கு இனி வர மனமில்லை என்று சமையலறையில் அம்மாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது, சட்டையைக் கொடியில் போடப் போனவரின் காதில் விழுந்துவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது, பாவமாக இருக்கிறது என்றாள். மற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டார், அந்தப் 'பாவம்'தான் உள்ளே தைத்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம், தானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் இன்று கிளம்பினார். பாலத்தின் நடுவில், தண்ணீரைப் பார்த்தபடி சொல்வதாக ஏற்பாடு.

பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் கால் தானாகத் தயங்கியது. அவள் கவனித்தாளோ, கவனிக்காத மாதிரி இருந்தாளோ, தெரியவில்லை. தண்ணீர் கரைக்கல்லில் எதையோ மென்றுகொண்டே இருந்தது.

பாலத்தை அடைந்தபோது அங்கே தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். பழுது பார்ப்பதற்காகப் பலகைகளையெல்லாம் கழற்றி அடுக்கியிருந்தார்கள். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கால்வாய் தெரிந்தது.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். பேருந்தின் பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பவரைப் போல இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார். மகள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் பின்னால் போய், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் கொஞ்சம். போதும். ரைட், போலாம்."

அவர் நிஜமாகவே பின்னால் நடந்து, ஒடித்துத் திரும்பினார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் மிதவையை மறந்துவிட்டு இவர்களைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி நடந்தால் பாதையே வேறாக இருந்தது. பழகிய மரங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. வளைவுக்கு அப்பால் நீலக் கதவு போட்ட ஒரு வீடு இருந்தது, இத்தனை வருடங்களாக அது இருப்பதே இருவருக்கும் தெரியாது. அந்த வளைவில்தான் சின்ன வயதில் ஒருநாள் அவள் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்தாள். தூக்கிய சற்று நேரத்தில் தூங்கிப்போனாள். அவள் எச்சில் சட்டைக் காலரை நனைத்தது, அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நடந்தார். தூங்கிய பிள்ளைக்கு அதில் எதுவும் நினைவிருக்க வழியில்லை. அதை அவர் ஒருவர் மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரத்துல இருந்து நீ வரணும்னு இல்லம்மா" என்றார்.

இரண்டு பெஞ்சுகளைத் தாண்டிய பிறகு அவள் கேட்டாள்.

"அம்மா சொன்னாங்களா?"

"காதுல விழுந்துச்சு."

"நான் ஒரேயடியா வரமாட்டேன்னு சொல்லலப்பா. ஞாயித்துக்கிழமை வந்தா வந்தே ஆகணும்னு இருக்குல்ல, அதுதான் வேணாம்."

அவர் தலையாட்டினார். பேருந்து ஓட்டுபவருக்கு நேரம் குறிக்காத பயணம் என்று ஒன்று இருப்பதே விளங்காது. விளங்கியதாகக் காட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் செய்தித்தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். தனியாகவாவது போய்வரச் சொன்ன மனைவியிடம் கால்வலி என்றார். பிறகு ஒரு புதன்கிழமை, கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் நிஜமாகவே வீங்கி வீடு வந்தவர், நாற்காலியில் காலை நீட்டிய நேரத்தில் மகள் ஷூ போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"போலாமாப்பா?"

இன்றைக்கா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

"ஞாயித்துக்கிழமை நடக்க முடியாத காலு இப்ப எங்க கிளம்புது?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு ஷூவை மாட்டி முடித்திருந்தார்.