பலகை இடுக்கில் நார்

உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்த குளோரிண்டா விரலையும் சேர்த்துத் துருவிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஆணிகள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பழைய பலகைகளைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டின் பின்பக்க மரத்தளம் கடல்மேல் தூண்களில் நிற்கிறது. அதைச் சரிசெய்ய அண்ணன் நொல்பெர்த்தோ தெருக்காரர்களைக் கூட்டி வந்திருந்தான். இப்படித் தெரு கூடிச் செய்து கொடுக்கும் வேலைக்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்காரி வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். ஆட்களை அழைப்பதும் அவள்தான். ஆனால் குளோரிண்டா யாரையும் அழைக்கவில்லை. "நான் போட்ட தளம், நானே சரிபண்றேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

குளிர் தொடங்கிய நேரத்தில் அவன் மனைவி ஒலாயா அந்தத் தளத்தில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். பலகை உடைந்து தொடை வரை உள்ளே இறங்கினாள். கால் எலும்பு முறிந்தது. நொல்பெர்த்தோ காயாத மரத்தைப் போட்டுவிட்டான் என்று காஸ்த்ரோ ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவனைத் தச்சு வேலைக்குக் கூப்பிடவில்லை.

மரத்தில் குறை இல்லை. அது குளோரிண்டாவுக்கு மட்டும் தெரியும்.

அவள் வீட்டில் வாடகைக்கு ஆட்கள் தங்குவார்கள். கடல் வற்றும்போது அடியிலிருக்கும் சேற்று நாற்றம் பலகை இடுக்கு வழியாக மேலே வருகிறது என்று தங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் அப்போது தெற்கே வேலைக்குப் போயிருந்தான். அப்பா படகு கட்டியவர். சின்ன வயதில் அவருக்குப் பலகை இடுக்கில் மரப்பட்டை நார் அடைத்துக் கொடுத்த கை அவளுடையது. அதே மாதிரி தளத்தின் இடுக்குகளையெல்லாம் நாரால் அடைத்துத் தார் பூசினாள். நாற்றம் நின்றது. படகில் அந்த நார் தண்ணீரை வெளியே நிறுத்தும். தளத்தில் மழை கீழே இறங்க வழியில்லாமல் பலகைக்குள்ளேயே தங்கி மரத்தை அழுகவைத்துவிட்டது. சிலோயே தீவில் மழைக்கா பஞ்சம்?

ஒலாயாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது குளோரிண்டா கூடப் போகவில்லை. மண்டியிட்டு, சமையல் கத்தியால் நாரையெல்லாம் சுரண்டிக் கடலில் தள்ளினாள்.

"குளோரிண்டா! அடுப்புல வாசனையே வரலையே, பட்டினி போட்டு அனுப்பப் போறியா?" வெளியிலிருந்து செகுந்தோ கத்தினான். எதிர்வீட்டு மீன்காரன், வாய் ஓயாதவன்.

"மொதல்ல வேலையப் பாரு. தின்றதுக்கு மட்டும் மொத ஆளா நிக்காத" என்றாள். குரல் வழக்கம்போல்தான் வந்தது. அதுவே அவளுக்குக் கூசியது.

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சிச்சா ஜாடியோடு வெளியே போனாள். ஒலாயா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்து அடிங்கப்பா. எம்புருஷன் கை பட்ட மரம், தும்மினாலே விழும்."

"உன் எடைக்கு எந்த மரம் அண்ணி தாங்கும்?" என்றான் செகுந்தோ. எல்லோரும் சிரித்தார்கள். நொல்பெர்த்தோவும் சிரித்தான்.

சிரித்தபடியே அடுத்த பலகையை நெம்பினான். நெம்பியவன் அப்படியே நின்றான். பலகையும் தாங்கு கட்டையும் சேருமிடத்தில், கத்தி எட்டாத மூலையில், தார் ஒட்டிய நார் ஒரு கொத்து கிடந்தது. விரலால் கிள்ளி எடுத்தான். முகர்ந்தான். தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

குளோரிண்டா ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் நாரைக் கடலில் போட்டுவிட்டு நெம்புகோலை எடுத்துக்கொண்டான்.

"என்னய்யா அது?" என்றாள் ஒலாயா.

"குப்பை."

"குப்பை மரத்துல வேற என்ன இருக்கும்!"

மதியத்துக்குள் உளுத்த கட்டைகளை மாற்றிப் புதுப் பலகைகளை ஆணி அளவு இடைவெளி விட்டு அடித்தார்கள். பழையதில் நல்ல பலகைகளை உப்புத்தாளால் தேய்த்தார்கள். மரத்தின் மஞ்சள் நிறம் திரும்பி வந்தது. சாப்பாட்டுத் தட்டுகள் வந்ததும் செகுந்தோ, "இந்தத் தடவை எத்தன நாள் தாங்கும்னு பந்தயம் கட்டலாமா?" என்றான்.

"மரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் குளோரிண்டா. "நான்தான் நார் வச்சு அடைச்சேன். அண்ணி விழுந்த உடனே அதச் சுரண்டிப் போட்டதும் நான்தான். அண்ணன் மேல தப்பே இல்ல."

செகுந்தோ கரண்டியைத் தட்டில் வைத்தான்.

ஒலாயாவின் முகம் சிவந்தது. "என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து சூப் ஊட்டினியேடி. நான் இவரத் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டே ஊட்டினியே."

"ஆமா அண்ணி."

ஒலாயா தட்டைத் தரையில் வைத்தாள். கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மிங்காவில் கை நனைக்காமல் எழுந்து போனவரை இந்தத் தெரு பார்த்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. செகுந்தோவும் மற்றவர்களும் அவசரமாகத் தின்றுவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்கள்.

நொல்பெர்த்தோ மட்டும் இருந்தான். ஆளிவிதை எண்ணெயில் துணியை நனைத்து, மூலையிலிருந்து பலகைக்குப் பூசத் தொடங்கினான்.

"நாரப் பாத்தப்பவே கேட்டிருக்கலாமேண்ணா."

"கேட்டு?" கை நிற்கவில்லை. "என் கையிலதான் கோளாறுன்னு நானே நம்பிட்டேன். பள்ளிக்கூட வாசலுக்கு மரப்படி போட வெளியூர் மேஸ்திரி ஒருத்தர் மட்டும் கூப்பிட்டார். பிள்ளைங்க நடக்குமேன்னு பயந்து மாட்டேன்னுட்டேன்."

அது அவளுக்குத் தெரியாது. திட்டு வாங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். அவனே அவனைச் சந்தேகப்படுவான் என்று நினைக்கவில்லை.

இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வேணாம்" என்றான், திரும்பாமல். "இதை நீ தொடாத."

அவள் துணியை மடித்து எண்ணெய் டப்பாவின் பக்கத்தில் வைத்தாள். ஒலாயாவின் தட்டை எடுத்து மூடி போட்டாள். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும். அண்ணி கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பதென்று கிளம்பினாள்.