இசக்கிப்பாண்டி கொல்லாத ஆள்

இசக்கிப்பாண்டி இதுவரை பத்துப் பேரைக் கொன்றிருக்கிறான். பத்துப் பேரும் சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அவனோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள். பத்துப் பேரும் இப்போது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் தாங்கள் செத்த கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்தச் சிநேகிதர் கூட்டத்தில் மிச்சம் இருப்பது கருத்தப்பாண்டி மட்டும்தான்.

விஷயம் வேறொன்றுமில்லை. இசக்கிப்பாண்டி மர்ம நாவல் எழுதுகிறவன். கதையில் ஒரு பிணம் தேவைப்பட்டால் பெயருக்கு யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டான். கூடப் படித்தவன் ஒருவனைப் பிடித்துப் போட்டுவிடுவான். உரக்கடை சிவபாண்டியை ரயில் கழிப்பறையில் கழுத்தை நெரித்தான். கூட்டுறவு வங்கி முனியராஜை ஊட்டியில் பள்ளத்தில் தள்ளினான். முனியராஜ் அன்றுவரை ஊட்டிக்குப் போனதே இல்லை, அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு போய் அந்தப் பள்ளத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆரம்பத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப்பில் தொங்குகிற மாத நாவல்தான் எழுதினான் இசக்கி. பிறகு கனத்த அட்டைப் புத்தகங்கள் வந்தன, பதிப்புக்கு மேல் பதிப்பு போயின. அவன் கதை ஒன்றை யாரோ வாங்கிப் படமாக எடுத்துக் கெடுத்தார்கள். அந்தக் கோபத்தில் அடுத்த படத்தை அவனே எடுத்தான். மூன்று படமாகிவிட்டது. இரண்டாவது படம் ஓடிய ஓட்டத்தில் சென்னையில் வீடு, வாசலில் இரண்டு கார்.

அந்தக் காரைப் பார்த்தெல்லாம் கருத்தப்பாண்டிக்கு வயிறு எரியவில்லை. அதை நாம் நம்பலாம். அவனுக்குப் பொறாமையெல்லாம் செத்தவர்கள் மேல்தான், அதிலும் காமராஜ் மேல்தான்.

காமராஜ் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறான். காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிறவன். அவனை இசக்கி இரண்டு தடவை கொன்றிருக்கிறான், ஒரு தடவை நாவலில், ஒரு தடவை படத்தில். படத்தில் கதாநாயகன் முழங்காலிட்டு, துணியை விலக்கி, “காமராஜ், உன்னை யாருடா கொன்னது?” என்று குரல் உடைந்து கேட்பான். அதை வெட்டி எடுத்து காமராஜ் தன் செல்போனுக்கு ரிங்டோனாக வைத்திருந்தான். யார் கூப்பிட்டாலும் அந்த அழுகைதான். எடுக்காமல் இரண்டு தடவை அடிக்கவிட்டு, கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுப்பான். செத்தவர்களுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வேறு இருந்தது. அதில் கருத்தப்பாண்டிக்கு இடமில்லை.

இத்தனைக்கும் இசக்கியோடு ஒரே பெஞ்சில் ஐந்து வருடம் உட்கார்ந்தவன் அவன். இசக்கி எழுதிய முதல் கொலையே இவனுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியதுதான். இருபத்துநான்கு வருடமாக ஒவ்வொரு புத்தகத்தையும் வந்த அன்றே வாங்குவான். கதையைப் படிப்பது அப்புறம். முதலில் பக்கம் பக்கமாகத் தன் பெயரைத் தேடுவான். பிணமாக வேண்டாம், ஒரு டீக்கடைக்காரனாகவாவது, பஞ்சர் ஒட்டுகிறவனாகவாவது. கடைசிப் பக்கம் வந்ததும், எங்காவது விட்டுப்போயிருக்குமோ என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடுவான். அப்படி என்ன குறை நம்மிடம் என்று இருக்கும். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன், காலை ஆறு மணிக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் நிற்கிறவன், மரியாதையான ஆள். சாவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

நாலாவது படத்தின் படப்பிடிப்பு வெம்பக்கோட்டை அணையில் நடந்தது. சிநேகிதர்கள் எல்லோருக்கும் அழைப்பு. கருத்தப்பாண்டி அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனான். போனதுமே காதில் விழுந்தது, நாளைக் காலையில் தண்ணீர் ஓரத்தில் ஒரு பிணம் ஒதுங்குகிற காட்சி, செத்தவன் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று. காமராஜ் புதுச்சட்டையில் வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் யாரும் கேட்காமலே நின்றுகொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இசக்கியை வண்டிகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான் கருத்தப்பாண்டி.

“ஏலே இசக்கி, நான் உனக்கு என்னலே கெடுதல் செஞ்சேன்?”

“என்னலே பேசுத?”

“பத்துப் பேரக் கொன்னிருக்க. அந்தக் காமராஜ் பயல ரெண்டு மட்டம். என்னைய மட்டும் ஏம்லே விட்டுட்ட? நான் அம்புட்டு எளக்காரமாப் போயிட்டனா?”

இசக்கி சிரிக்கப் பார்த்தான். இவன் கண் கலங்கியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“உனக்கு எதுக்குலே அந்த ஆச.”

“எனக்குப் பொறாமையா இருக்குலே. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். அவன் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நாளைக்கு ஒதுங்குற பொணத்துக்கு எம்பேரப் போடு. வேற எதுவும் உங்கிட்ட கேக்க மாட்டேன்.”

இசக்கி தலையாட்டினான். “போடுதேன். வீட்டுக்குப் போயி தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா. அவ சரின்னு சொன்னா நாளைக்கு நீதான் பொணம்.”

“அவளுக்கும் இதுக்கும் என்னலே சம்பந்தம்?”

“போயிக் கேளுலே” என்றதோடு இசக்கி நகர்ந்துவிட்டான்.

கருத்தப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி வீரலட்சுமி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டான். அவள் கை நிற்கவில்லை.

“அண்ணன் சொல்லிட்டாகளா?”

“என்ன சொல்லிட்டானா?”

“நாந்தான் போடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன். மொத புத்தகத்தத் தூக்கிட்டு இங்கன சாப்பிட வந்தாக. நீங்க கை கழுவப் போயிருந்தீக. அடுத்த கதையில இவனத்தான் கொல்லப் போறேன்னாக. எனக்கு ஈரக்குல நடுங்கிருச்சு. எம் புருசன் பேரு எந்தத் தாள்லயும் செத்தாருன்னு வரக்கூடாதுண்ணேன்னு அவுக கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன்.”

கருத்தப்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்துநான்கு வருட ஏக்கம். அதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருக்கிறது.

“அது கதை, கிறுக்கி. கதைக்குப் போயி சத்தியம் வாங்குவியா?”

“கதைன்னு எனக்குத் தெரியாதா? பேப்பர்லயும் அதே எழுத்துலதான போடுதான்? எதுத்த வீட்டுச் செல்லத்தாய் மதினிக்கு என்ன ஆச்சு? ஆலை வெடி விபத்துல செத்தவுக பேரப் பேப்பர்ல வரிசையாப் போட்டிருந்தான். அவுக வீட்டுக்காரரு பேரு மூணாவது. வயச மட்டும் தப்பாப் போட்டிருந்தான். இது வேற ஆளு, எம் புருசன் ஏதாவது ஆஸ்பத்திரியில இருப்பாருன்னு சொல்லி, ரெண்டு நாளு பூவும் பொட்டுமா இருந்தா. மூணாம் நாளு அவள மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒடம்பக் காட்டினாங்க. அன்னையிலருந்து நான் தெனமும் பேப்பர் பாக்கேன். எந்த ஆலையில வெடிச்சதுன்னு சேதி வந்தாலும், நீங்க கண்ணு முன்னால உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாலும், பேரத் தேடிப் பாத்து, இல்லைன்னு தெரிஞ்ச பெறகுதான் சோத்துக்கு உல வைக்கேன்.”

அவள் காலையில் நிலைப்படியில் நின்றபடியே பேப்பர் புரட்டுவதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். தங்கம் என்ன விலை என்று பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஒரே வீட்டில், ஒரே பெயரை, இரண்டு பேரும் இத்தனை வருடமாகத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லையே என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறான். கிடைக்கவில்லை என்று அவள் உலை வைத்திருக்கிறாள். கருத்தப்பாண்டி அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“இப்பவும் தடுக்கல” என்றாள் அவள். “என்னைக்கு மருந்து ரூமுக்குப் போறத விடுதீகளோ, அன்னைக்குத் தாராளமாப் போடச் சொல்லுங்க. நானே மொத டிக்கெட் எடுத்துப் பாக்கேன்.”

“சீசன் நேரத்துல வேலைய விட முடியுமா?”

“அப்ப எம்மேல வருத்தப்படாதீக.” குரலை இறக்கிச் சொன்னாள். “இன்னொண்ணும் சொல்லிருதேன். அப்ப யாரத்தான் போடன்னு அண்ணன் கேட்டாக. காமராஜ் அண்ணனப் போடுங்க, அவுக அச்சாபீசுல பேன் காத்துல உக்காந்து காகிதத்தத்தான எண்ணுதாகன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

சிரிப்பதா அவளைத் திட்டுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. காமராஜ் இத்தனை வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தன் வீட்டுக்காரி போட்ட பிச்சை என்பதில் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது. அது ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஆலைக்குப் போகிற வழியில் அணைக்கரையில் பைக்கை நிறுத்தினான். இசக்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். இவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“காமராஜயே போட்டுரு” என்றான் கருத்தப்பாண்டி.

பக்கத்தில் நின்ற காமராஜுக்குத் தலைகால் புரியவில்லை. “மூணாவது மட்டம்லே” என்று இவன் தோளைக் கட்டிக்கொண்டான். அப்படியே போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். “ஏ சொர்ணம், என்னைய மறுபடியும் கொல்லப் போறாங்க. தண்ணியில ஊறிக் கெடப்பேனாம்.” அந்தப் பக்கம் சொர்ணலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லா ஊறட்டும், போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றாள்.

கருத்தப்பாண்டி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றான். புருஷன் செத்தான் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டு போட்டோ கேட்கிற ஒரு பெண்பிள்ளை. காமராஜ் மேல் அவனுக்கு எத்தனையோ வருடப் பொறாமை உண்டு, ஆனால் இந்தப் பொறாமை புதிது. இதுவரை பட்டதெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

“என்னலே, பொறாமையா இருக்கா?” என்றான் காமராஜ்.

“ஆமாலே” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். ஆறு மணிக்கு மருந்து கலக்க வேண்டும்.