குழந்தைக்குப் பதில் அமலதாஸ்

அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைச் சோதிப்பதில்லை. அதன் அப்பாவைத்தான் சோதிப்பார்கள். குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாது, தொட்டால் அழும். அப்பா அப்படியில்லை, நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவார். இரண்டும் ஒரே ரத்தம்தானே என்பது டாக்டர் பரந்தாமனின் கட்சி.

ரோஸ்லினுக்குப் பெண் பிறந்து மூன்றாம் நாள். மகளின் முகத்தில் முந்தின நாள் தெரிந்த மஞ்சள் வயிற்றுக்கு இறங்கி, விடிந்தபோது உள்ளங்கால் வரை வந்துவிட்டது. பாலுக்கு எழுப்பினால் கண் திறக்கவில்லை. கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அமலதாசின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“பசி எடுக்குதா?”

“இப்பதான் ஆறு இட்லி சாப்பிட்டேன் சார்.”

“குழந்தை நல்லா பால் குடிக்குது,” என்று சிஸ்டரிடம் சொன்னார்.

“குடிக்கலையே டாக்டர்,” என்றாள் ரோஸ்லின். “உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்.”

அவர் அமலதாசின் முகத்தைப் பார்த்தார். “கறுப்பா, களையா இருக்கு. தலைப்பிரசவம்ல, அம்மாவுக்குப் பயம் வரத்தான் செய்யும்.”

அமலதாசுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டாக்டர் நகர்ந்ததும் ரோஸ்லின் மகளை அவன் மடியில் கிடத்திவிட்டு, தையல் வலியோடு கேன்டீன் வரை நடந்தாள். மஞ்சள்தூள் வாங்கி வந்து குழைத்து, அவனுக்குத் தலை முதல் கால் வரை பூசினாள்.

“அரிக்குதுடி.”

“அரிக்கட்டும். டாக்டர் வந்தா கண்ணைத் திறக்காதீங்க. பேசாதீங்க. உங்க மக எப்படிக் கெடக்காளோ அப்படியே கெடங்க.”

டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் அமலதாசின் கையைத் தூக்கி விட்டார், தொப்பென்று விழுந்தது. நெற்றியில் கட்டைவிரலை அழுத்தினார்.

“விரல்ல ஒட்டுற அளவுக்கு முத்திப்போச்சு. இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? படிச்சவங்கதானே? உடனே லைட்டுல வைக்கணும்.”

அமலதாசுக்கு டயப்பர் கட்டி, கண்ணை மூடிக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். ரோஸ்லின் மகளின் துணியைக் கழற்றி, அவள் கண்ணையும் கட்டி, அவன் நெஞ்சின்மேல் கிடத்தினாள். குழந்தை ஏதோ பொம்மையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறது என்று சிஸ்டர்கள் விட்டுவிட்டார்கள். ரோஸ்லின் பாலைப் பீய்ச்சி, பாலாடையில் சொட்டுச் சொட்டாக மகளுக்குப் புகட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோஸ்லினும் அழுதாள். வேர்வையில் அமலதாசின் மஞ்சளும் கரைந்திருந்தது. டாக்டர் அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

பஸ்ஸில் கண்டக்டர் அமலதாசின் மணிக்கட்டில் இருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்தார். “கைக்குழந்தைக்கு சீட் கிடையாதும்மா. மடியில வச்சுக்கோங்க.”

ரோஸ்லின் மடியில் மகள் இருந்ததால், பக்கத்து சீட்டு அம்மாள் அமலதாசை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மாடு, லாரி எல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். ஊர் வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.