செய்யாத தப்புக்கு ஒரு வருஷம்

பார்த்திபன் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கிணற்றடிக்குப் போய் மோட்டார் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். பதினோரு மணிக்கு ஒரு தரம், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு தரம், மாடு கட்டும்போது ஒரு தரம். ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயைச் சிமெண்டில் புதைத்து, கொட்டகைக்கு இரண்டு பூட்டும் போட்டாயிற்று. அப்படியும் மனசு கேட்காது. செஞ்சியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பாயசம் வருவதற்குள் எழுந்து பைக்கை எடுத்துவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரில் ஐந்து கிணறுகளின் காப்பர் ஒயர் ஒரே வாரத்தில் காணாமல் போனது. கதிர் தள்ளுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பார்த்திபனின் ஒரு ஏக்கர் நெல் வைக்கோலாகப் போனது. எடுத்தவன் வெளியாள் இல்லை, அதே ஊர் இளையபெருமாள். பிடிபட்டான், ஒப்புக்கொண்டான், ஒன்றரை வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் தினமும் முதல் பஸ்ஸில் செஞ்சிக்குப் போனான், கடைசி பஸ்ஸில் திரும்பினான். அங்கே என்ன செய்கிறான் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு கிணற்று ஒயர் திருடு போனது. எடுத்தது யாரென்று போலீசுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. ஆடிக் கூழ் ஊற்ற நாள் குறித்த கூட்டத்திலேயே மனுவும் எழுதிவிட்டார்கள். ‘இளையபெருமாளை வெளியே விட்டு வைத்தால் ஊருக்கு ஆபத்து’ என்று மனு சொன்னது. அம்மனுக்கு நாள் குறிக்கிற இடத்தில் ஒரு மனிதனை உள்ளே தள்ளவும் நாள் குறிக்கிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. முதல் கையெழுத்து பார்த்திபனுடையது.

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று இளையபெருமாள் பத்திரம் எழுதித் தர வேண்டும். சொந்த நிலம் உள்ள ஒருவர் அதற்கு ஜாமீன் நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஜாமீன் ஆள் வராவிட்டால் ஒரு வருஷம் சிறை. ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். ஜாமீனுக்கு அவன் எங்கே போவான்?

சனிக்கிழமை காலை லோ வோல்டேஜில் பார்த்திபனின் மோட்டார் புகைந்து நின்றது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற நேரம். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் நெல்லெல்லாம் பதர். பதறியடித்துக்கொண்டு மோட்டாரைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, செஞ்சியில் மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் ஆதிமூலத்தின் கடைக்குக் கொண்டுபோனார்.

“சாயங்காலம் ரெடி ஆயிடும், போய்ட்டு வா பார்த்திபா. நம்ம ஆளு சுத்துனா அஞ்சு வருஷத்துக்கு அசையாது” என்று ஆதிமூலம் உள்ளே கையைக் காட்டினார்.

உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து பழைய காயிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் இளையபெருமாள்.

பார்த்திபனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மோட்டாரைத் திருப்பி எடுத்துப் போகலாம் என்றால் வேறு கடையில் மூன்று நாள் ஆகும். விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது, குடிக்கவில்லை. எழுந்து வாசல் வரை போனார், உடனே திரும்பி வந்தார்.

“பிடுங்கின பழைய கம்பிய எட போட்டு எங்கிட்ட குடுத்துடணும்” என்றார்.

இளையபெருமாள் கருகிய கம்பியைத் தராசில் வைத்துக் காட்டினான். பிறகு கோணியில் கட்டி அவர் காலடியில் வைத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றத் தொடங்கினான். உதடு மட்டும் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு காயில் முடிந்ததும் சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதினான். சுவர் முழுக்க எண்கள், பக்கத்தில் மோட்டார்களின் பெயர்கள்.

“இதெல்லாம் எதுக்கு?” பார்த்திபனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“திங்கக்கெழம நான் உள்ள பூடுவேன் இல்லணா? அடுத்து வர்ற ஆளுக்கு எந்த மோட்டாருக்கு எத்தினி சுத்துன்னு தெரியணும்.”

“மனுவுல யார் யார் கையெழுத்து போட்டாங்கன்னு தெரியுமா?”

“காட்டுனாங்க. மொதக் கையெழுத்து உங்களோடது.”

“தெரிஞ்சுமா எம்மோட்டார சுத்துற?”

“மோட்டார் இன்னாணா பண்ணிச்சு?” என்றவன் சற்று நிறுத்தினான். “உங்க பயிரு காஞ்சதுக்கு ஒன்ற வருசம் இருந்தேன். அது நாயம். கோர்ட்டுல ஜட்ஜு இத்தினி நாளுன்னு சொன்னாரு, நானும் எண்ணிக்கினு இருந்து முடிச்சுட்டு வந்தேன். இப்ப செய்யாததுக்கு எத்தினி நாளு? இந்த வருசம் முடிஞ்சா அடுத்த வருசமும் மனு எழுதுவீங்க. அத எப்டிணா எண்ணி முடிக்கறது?”

சாயங்காலம் பார்த்திபன் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். மாட்டியதும் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. பயிர் பிழைத்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார்.

பார்த்துப் பார்த்துச் சலித்த மனைவி சுமலதா கேட்டேவிட்டாள். “இன்னாங்க ஆச்சு? நாளைக்குத்தான் அவன் உள்ள போறானே. நிம்மதியா இருக்க வேண்டிதுதான?”

“அவன் உள்ள போனா நிம்மதி வந்துடும்னுதான் நானும் நெனச்சேன்.”

“எங்க வந்துது? அவன் ஒன்ற வருசம் ஜெயில்ல இருந்தப்பவும் நீங்க நாலு தரம் கொட்டாய்க்கு ஓடிக்கினுதான் இருந்தீங்க. அவன அடச்சாங்க. உங்க பயத்த யாரு அடச்சா?”

பார்த்திபன் நடப்பதை நிறுத்தினார். மனைவி சொன்னது அத்தனையும் உண்மை. அவன் கம்பிக்குப் பின்னால் இருந்தபோது வயலைத் தொடவில்லை, சரி. ஆனால் அவனைத் திருடனில்லாமல் ஆக்கியது எது? சிறையா, அந்தக் காயில் கடையா? அந்தக் கடையிலிருந்தும் பிடுங்கி எடுத்து ஒரு வருஷம் கழித்து வெளியே விட்டால், எந்த வேலையும் இல்லாத, யாரும் நம்பாத ஒருவனைத்தான் ஊர் மறுபடி வாங்கி வைத்துக்கொள்ளும். ஆபத்து என்று தேடினால் அதுதான் ஆபத்து.

திங்கட்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்தில் இளையபெருமாள் ஒரு பையில் இரண்டு செட் துணியோடு நின்றிருந்தான். பெயர் கூப்பிட்டார்கள். ஜாமீன் ஆள் யார் என்று கேட்டதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னாலிருந்து பார்த்திபன் பட்டா நகலோடு முன்னே வந்தார். இளையபெருமாள் நிமிர்ந்து பார்த்தான், நம்பவில்லை.

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். வயதில் சிறியவர், கண்டிப்பான அம்மா. “இவரை வெளிய விட்டா ஆபத்துன்னு எழுதினதும் நீங்கதான். இப்ப ஜாமீன் நிக்கிறதும் நீங்களா?”

“ஆமாம்மா.”

“இப்ப பயம் போயிடுச்சா?”

“போவலம்மா. இன்னும் இருக்குது.”

“நாளைக்கு உங்க மோட்டார்லயே கை வச்சார்னா?”

“வச்சான்னா அன்னிக்கு நானே புடிச்சுக் குடுக்கறேம்மா. அப்ப போடுங்க தண்டன. தப்பு செஞ்சவன் ஜெயிலுக்குப் போவட்டும். எனக்குப் பயமா இருக்குதுன்னு இன்னொருத்தன் போவக்கூடாது.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.