மண்டையோடு வளராது

நாற்பத்தேழாம் இலக்கக்காரரின் மூளை வளர்ந்திருந்தது. அறுபத்திரண்டு வயதில் மூளை வளருமென்றால் கிழவன்மார் எல்லாரும் திரும்பவும் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எழுதலாம். உட்துறைமுகத்தைப் பார்த்த தன் வாடகை அறையில் சிவாஜினி கண்ணைக் கசக்கிக்கொண்டு கணினித் திரையிலிருந்த அந்த வரைகோட்டை மறுபடி பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேருடைய மூளையை ஒன்றரை வருடத்துக்கு ஒருதரமாக மும்முறை ஸ்கேன் எடுத்து, ஞாபகத்துக்குரிய பகுதி எவ்வளவு சுருங்குகிறதென்று பார்க்கும் ஆய்வு அது. ஆளுக்கொரு கோடு. எல்லாக் கோடும் கொஞ்சமோ கூடவோ கீழேதான் போகும். இவருடையது முதலிரண்டு தடவைக்குள் விழுந்தடித்து இறங்கி, மூன்றாவதில் மேலே பாய்ந்திருந்தது.

அளவீட்டுப் பிழையென்று எழுதி அந்தப் புள்ளியை நீக்கிவிடலாம். பேராசிரியரும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவைக் கேட்டிருந்தார். ஆனால் அவளுக்குப் பிடிவாதம் கூட. மண்டையோட்டின் உள்ளளவை எடுத்துப் பார்த்தாள். மூளை சுருங்கும், வீங்கும்; மண்டையோடு சாகும்வரை ஒரே அளவுதான். இவருக்கு அது தொண்ணூறு மில்லிலீற்றர் கூடியிருந்தது. மூன்றாம் முறை படுத்தது வேறு ஆள்.

பெயர்ப் பட்டியல் றுவைஸிடம் இருந்தது. வீடுவீடாய்ப் போய் ஆட்களைச் சேர்த்தவன் அவன்தான்.

"மிஸ், அவரு பாலையூத்தில ஸ்கூல் வான் ஓடுறவரு," என்றான் போனில். "ரெண்டாவது ஸ்கேன்ல குறைஞ்சிருக்கெண்டு தெரிஞ்ச பொறகு, வான் ஓட விடாம பெண்சாதி திறப்ப வாங்கி வெச்சிருந்தா. மாற்றம் ஒண்டுமில்லண்டு நாம அனுப்பின கடிதத்தக் கண்டதும் திரும்பக் குடுத்திட்டா."

அந்தக் கடிதத்தை ஒருவரும் எழுதவில்லை. கோடு இறங்காவிட்டால் கணினியே அடித்து அனுப்பும்படி ஒழுங்கு செய்தவள் சிவாஜினி.

ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டரிடம் சொல்லிவிட்டு மதியமே இருவரும் பாலையூற்றுக்குப் போனார்கள். வான்காரரின் மனைவி அன்னலட்சுமி அவர்கள் இருக்கக் கதிரைகளை இழுத்துப் போட்டாள். றுவைஸ் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே, கதவோரம் நின்ற அவளுடைய கொழுந்தன் பிரகலாதன் தலையைக் குனிந்துவிட்டான்.

"நான் பொய் சொல்லேல்லை," என்றான். "கணபதிப்பிள்ளை எண்டுதான் நேர்ஸ் கூப்பிட்டவ. அது எங்கட அப்பான்ர பேர்தானே. ஓம் எண்டனான்."

படிவங்களில் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அண்ணனும் தம்பியும் ஒரே ஆள்தான். மூன்றாம் முறை வந்தவரென்று அடையாள அட்டையையும் ஒருவரும் கேட்கவில்லை.

"ஏன் போனனீங்கள்?" என்று அன்னலட்சுமி கேட்டாள்.

"அண்ணன் அழுதவர், அண்ணி. வான் இல்லாட்டித் தான் செத்த மாதிரி எண்டவர். ஏலாதெண்டு சொல்ல மனம் வரேல்லை."

அவள் ஏசவில்லை. சிவாஜினியின் பக்கம் திரும்பினாள். "அப்ப உண்மை என்ன, பிள்ளை?"

"முதல் ரெண்டும் நல்லமில்லை, அன்ரி. திரும்ப எடுத்துப் பாக்கவேணும்."

"அதுவரைக்கும் வான் ஓடலாமோ?"

எந்தப் பதிலுக்கும் இத்தனை வீதம் முன்பின்னாக இருக்கலாமென்று சேர்த்துச் சொல்வது சிவாஜினியின் தொழில். இப்போது அதெல்லாம் வாயில் வரவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

அந்நேரம் வான் வந்து வேப்ப மர நிழலில் நின்றது. அன்னலட்சுமியின் கணவர் ஆனந்தராசா இறங்கி வந்தார். மடிப்புக் கலையாத சேட்டு, வாரிய தலை.

"றுவைஸ் தம்பியெல்லே, சுகமே? அன்னம், தேத்தண்ணி குடுத்தனீரே?"

பெயர் தடுமாறவில்லை, பேச்சும் பிசகவில்லை. தன் கணக்கே பிழையாக இருந்துவிடக்கூடாதா என்று சிவாஜினிக்கு ஆசையாக இருந்தது.

"இருபத்தொரு பிள்ளையளையும் வீடுவீடா இறக்கி விட்டிட்டுத்தான் வாறன்," என்றார் அவர் திருப்தியோடு.

வானின் கண்ணாடியை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். பின்சீற்றில் வெள்ளைச் சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளை, புத்தகப் பையை மடியில் வைத்தபடி இருந்தது.

"அங்கிள், இது எங்கட வீடில்லையே."

அன்னலட்சுமி பாதி எழுந்து நின்றாள். ஆனந்தராசா பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, அதன் பெயரைத் தேடுகிறவர்போல உதட்டை மெல்ல அசைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.