பூனைச் சீப்புப் பலகை

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி பேசினால் வாயிலிருந்து சத்தம் வராது, பஞ்சு வரும். மகள் வீட்டை விட்டுப் போன மறுநாள் காலையில், பால் பொங்குகிறது என்று கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது இது ஆரம்பித்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மேடையில் ஒரு துணுக்குப் பஞ்சு கிடந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, வெந்நீர் குடியுங்கள், வீட்டை அடிக்கடி பெருக்குங்கள் என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். சாதாரணப் பேச்சு வெள்ளையாக வந்தது. மகளைப் பற்றிய பேச்சு லேசான நீலமாக வந்தது. வெள்ளையை அவள் கூட்டிக் குப்பையில் போட்டாள், நீலத்தைத் தலையணை உறையில் சேர்த்து வைத்தாள். கீழ்வீட்டுக்காரர் மட்டும் படிக்கட்டெல்லாம் பஞ்சு பறக்கிறது, தும்மித் தும்மி மூக்கே கழன்றுவிடும் போலிருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். அவர் எதற்குத்தான் குறைபடவில்லை.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனவள். பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. வழியனுப்ப அம்மா கீழே இறங்கி வரவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மகளின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஞாயிறுதோறும் போன் செய்வாள். இந்தப் பக்கம் அம்மா பேசப் பேச ரிசீவரின் துளைகளில் நீலப் பஞ்சு அடைத்துக்கொள்ளும்; அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் போய்ச் சேரும். கடிதம் போட்டுப் பார்த்தார்கள். எழுத யாரும் எழுதலாம், எனக்குக் குரல் வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். உன் அம்மாவின் பேச்சு பஞ்சாகிவிட்டது என்று மெக்கானிக் உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு, "பொய் சொன்னாலும் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்கப்பா" என்றாள். குளிர்காலம் முடியும் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மாவுக்கு என்கிட்ட பேசப் பிடிக்கலேன்னா விட்ருங்க. அடுத்த வாரம் ஒரு தடவ பண்றேன். அப்பவும் பேசலேன்னா இனிமே நான் தொந்தரவு பண்ணல" என்று வைத்துவிட்டாள். அன்று அம்மாவின் வாயிலிருந்து வந்த நீலம் ஒரு வாளியில் அடங்கவில்லை.

மெக்கானிக்கின் அக்காவும் அதே வீட்டில்தான் இருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்ததும் தொடங்குகிற பேச்சு இரவு தூக்கத்தில்தான் நிற்கும், சில நாள் அதிலும் நிற்காது. பேசிக்கொண்டே தக்ளியில் நூல் நூற்பாள். திட்டுவதற்குத் தம்பி மகள் வேண்டும் அவளுக்கு. அந்தப் பிள்ளை போனதிலிருந்து சாப்பாட்டில் உப்பைக் குறை சொல்லக்கூட மனமில்லாமல் இருந்தாள். நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. ஆனாலும் அந்த வாளியைப் பார்த்தபின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பிடி நீலத்தை எடுத்துத் தக்ளியில் ஏற்றினாள். முறுக்கு ஏறும்போது, "கண்..." என்று தம்பி மனைவியின் குரல் கேட்டது. உடனே இழை அறுந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி "கண்...", மறுபடி அறுந்தது. நார் நகக்கண் அளவுகூட நீளமில்லை. குட்டை நார் தனியாக நிற்காது, நீள நாரோடு கலக்க வேண்டும் என்பது நூற்கிற யாருக்கும் தெரியும். கலப்பதற்குக் கம்பிப் பற்கள் பதித்த ஒரு பலகை வேண்டும்.

மேல்வீட்டு டீச்சரிடம் பூனைக்கு முடி வாருகிற கம்பிச் சீப்புகளை இரவல் வாங்கி வந்தாள். இரவல் வாங்கியதன் கைப்பிடியை அறுக்கலாமா என்று தம்பி தயங்கியதற்கு, "பூனை வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், நீ அறு" என்றாள். காய் நறுக்கும் பலகையில் பசை தடவி, கம்பிப் பற்கள் மேலே பார்க்க ஒட்டினார்கள். அவசரத்தில் ஒரு சீப்பைத் திருப்பி ஒட்டிவிட்டார்கள். பற்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் சிக்கிய பஞ்சு முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. கத்தியைச் சூடாக்கிப் பெயர்த்து, பற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. கைப்பிடி அறுக்காத ஒரு சீப்பால் நாரைப் பற்களுக்குள் அழுத்தி வாரி, நுனியை இரண்டு பென்சிலுக்கு நடுவே பிடித்துச் சுருட்டி எடுத்தால் பஞ்சுச் சுருள் தயார். முதல் சுருளில் சீப்போடு வந்த பூனை முடியும் கலந்துவிட்டதால், நூல் "கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் குர்குர் என்றது. பலகையைக் கழுவிவிட்டு ஆட்டுக் கம்பளியைக் கலந்தாள். நூல் நன்றாக நின்றது, குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. சனிக்கிழமை மத்தியானம் ரேடியோ தன் பின்னலை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். ஒரு ஆயுசுப் பேச்சு முழுக்க ஊறிய நார் அதைவிட வேறெங்கே கிடைக்கும். கழுத்தோடு வெட்டினாள். தம்பி, "அக்கா..." என்று ஆரம்பித்தார். "வளர்ற சாமான்தானேடா. வாய மூடிக்கிட்டு அந்த ஃபேன நிறுத்து, பஞ்சு பறக்குது."

முடியையும் நீலத்தையும் அடுக்கடுக்காக வைத்து வாரினாள். இரண்டு முறை வாரியதும் தம்பி மனைவி போதும் என்று கையைப் பிடித்தாள். அப்போது கோடு கோடாக எது யாருடையது என்று தெரிந்தது. ரேடியோவுக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. மறுபடி மறுபடி வாரி, ஒரே சாம்பல் நிறமாக ஆக்கிவிட்டாள். நூற்கிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்புதான் இது, அளவு மீறிக் கலந்ததைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. ஞாயிறு காலை போன் அடித்தது. மெக்கானிக் ரிசீவரைப் பிடித்துக்கொள்ள, தம்பி மனைவி சுருளை நீட்ட, ரேடியோ தக்ளியைச் சுழற்றினாள். நூல் பேசியது: "கண்ணு, சாப்பிட்டியா, எங்க சாப்பிட்டிருக்கப் போற, உனக்கு எப்பதான் நேரத்துக்குப் பசிச்சுது, அன்னைக்கு ஜன்னல்லயே நின்னேன்டி, எறங்கி வரக் காலே வரல, ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டுட்டுப் போயிருக்க, எருமை, நாத்தம் கொடலப் புடுங்குது, எடுத்துத் தோய்க்க மனசு வரமாட்டேங்குது, உன் மேல எனக்கு என்ன கோவம்..." குரல் அம்மாவுடையதா அத்தையுடையதா என்று நூற்றவளுக்கே தெரியவில்லை. துண்டைத் தோய்க்க மனசில்லாதது யாருக்கு என்று தம்பி மனைவி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தக்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது.

வெறும் அன்பாக இருந்திருந்தால் அப்பாவின் ஏற்பாடு என்று மகள் போனை வைத்திருப்பாள். அந்த எருமையை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. "அம்மா, மிச்சத்தையும் சொல்லு" என்று அழுதாள்.

அதன்பின் ஞாயிறுகளில் போன் வைக்க மத்தியானம் ஆனது. ரேடியோவின் முடி வளர வளர வெட்டிக் கலந்தார்கள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே தட்டில் சாப்பிடத் தொடங்கினார்கள், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த வருஷம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பேத்தியைக் கையில் வாங்கியதும் அம்மா வாயைத் திறந்து நிறையச் சொன்னாள். குழந்தையின் தலை, சட்டை, காலுறை எங்கும் நீலம் அப்பிக்கொண்டது. திரும்பும்போது பஸ்ஸில் மகள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார்.

"எங்கம்மா சொன்னது" என்றாள்.

அப்படியா என்று அவர் எழுந்து, பறந்துவிடாமல் இருக்க ஜன்னலைச் சாத்தினார்.